கிராஃபோர்டு மார்க்கெட்டும் மாண்ட்வியில் விழுந்த எலிகளும்

கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

மே மாசம் மூணு நாள் லீவு கிடைத்தது. மும்பை தாராவியில் சித்தி வீடு. நீங்க முதல்முறை மும்பை போனா கேட்வே, மெரைன் டிரைவ், எலிஃபண்டா எல்லாம் பார்ப்பீங்க, பாருங்க. நான் ஒரு அரை நாளைத் தனியா எடுத்து வைத்திருந்தேன். கிராஃபோர்டு மார்க்கெட்டும் அதைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டரும். எம்.பி.பி.எஸ். மூணாவது வருஷத்தில் சமூக மருத்துவப் புத்தகத்தில் பிளேக் பற்றிப் படித்த நாளிலிருந்து இருந்த ஆசை.

துணைக்கு வந்த தம்பி பாதி வழியிலேயே கேட்டுட்டான். "ஏண்ணே, காய்கறி மார்க்கெட்டப் பாக்கவா லீவு போட்டு வந்திய?"

ஆமாம்டா, அதுக்குத்தான்.

சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் இறங்குங்க. 1888இல் முடிந்த கட்டடம், பழைய பெயர் விக்டோரியா டெர்மினஸ். வெளியே வந்து எதிர்ப்பக்கம் போய் நின்று ஒருமுறை முழுசாப் பார்த்துட்டு, டி.என். ரோட்டில் வடக்கே நடங்க. இடதுபக்கம் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி வரும். மரங்களுக்கு நடுவே ஒரு பச்சை பங்களா. ருட்யார்ட் கிப்ளிங் 1865 டிசம்பரில் பிறந்தது இந்த வளாகத்தில்தான். அவருடைய அப்பா லாக்வுட் கிப்ளிங் இங்கே சிற்பக்கலை ஆசிரியர். அந்த அப்பாவை ஞாபகம் வைச்சுக்குங்க, அடுத்து வருகிறார்.

இன்னும் கொஞ்சம் நடந்தா மார்க்கெட். மணிக்கூண்டு, சரிந்த கூரை, மஞ்சள் பாய்ந்த குர்லா கல், நடுநடுவே வசாய் சிவப்புக் கல். ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊர் டவுன்ஹாலைத் தூக்கி வந்து வைத்த மாதிரி இருக்கும். வரைந்தவர் வில்லியம் எமர்சன், பின்னாளில் கல்கத்தா விக்டோரியா மெமோரியலை வரைந்த அதே ஆள். வாசல் வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்க. வயலில் வேலை செய்யும் நம்ம ஊர் மாதிரி குடியானவர்கள் கல்லில் இருப்பாங்க. அதைச் செய்தவர் லாக்வுட் கிப்ளிங். உள்ளே இருக்கும் கல் நீரூற்றும் அவர் வடிவமைத்ததுதான்.

முக்கால்வாசிப் பேர் அண்ணாந்து பார்ப்பதில்லை. அல்போன்சா பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். அதுவும் நியாயம்தான், மே மாச வாசனை அப்படி.

உள்ளே கூரை ரொம்ப உயரம். வெளிச்சமும் காற்றும் மேலிருந்து வரும். இப்போது புதுப்பிக்கும் வேலை நடப்பதால் எந்தப் பக்கம் திறந்திருக்கும் என்பது நீங்க போகிற நாளைப் பொறுத்தது. பறவை, நாய்க்குட்டி விற்கும் பகுதிக்குள் நான் போகவில்லை. ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தேன், போதும் என்றாகிவிட்டது.

இந்த உயரக் கூரைக்கு ஒரு காரணம் இருக்கு. 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லங்காஷயர் மில்களுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. பம்பாய்ப் பருத்திக்கு வந்தது வாழ்வு. பணம் கொட்டியது. கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தார்கள். 1865இல் போர் நின்றது, பருத்தி விலை விழுந்தது, பாதி ஊர் திவாலானது. அதே வருஷம்தான் ஆர்தர் கிராஃபோர்டு பம்பாயின் முதல் முனிசிபல் கமிஷனராக வருகிறார்.

அன்றைய மருத்துவ நம்பிக்கை என்ன? அழுகலிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் நோய். அப்படியென்றால் மருந்து? சாக்கடை, குழாய்த் தண்ணீர், குப்பை அள்ளுதல், இறைச்சியும் மீனும் காய்கறியும் தெருவில் கிடக்காமல் ஒரு கூரைக்குக் கீழே விற்பது. காரணம் தப்பு, வைத்தியம் பெரும்பாலும் சரி! மருத்துவ வரலாற்றில் இது அடிக்கடி நடக்கும். மார்க்கெட் 1869இல் முடிந்தது. கட்டிக் கொடுக்க உதவியவர் காவஸ்ஜி ஜஹாங்கீர் என்ற பார்சி வள்ளல். 1882இல் இங்கே மின்விளக்கு எரிந்தது, இந்தியாவில் முதன்முதலில் மின்விளக்கு பெற்ற கட்டடம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

கிராஃபோர்டு வேலைக்காரர்தான், ஆனா கை ஓட்டை. முனிசிபாலிடி கஜானாவைக் காலி செய்தார். வரி கட்டுபவர்கள் கொதித்தார்கள். 1871இல் அவர் போக வேண்டியதாயிற்று. (1888இல் புனே பக்கம் கமிஷனராக இருந்தபோது லஞ்ச விவகாரத்தில் விசாரணை நடந்து வேலையே போனது தனிக் கதை.) அந்தக் கொதிப்பிலிருந்து நல்லது ஒன்று பிறந்தது. 1872இல் புதுச் சட்டம். பம்பாய் மாநகராட்சியில் பாதி உறுப்பினர்களை வரி கட்டுபவர்களே தேர்ந்தெடுக்கலாம். இந்த மன்றத்தில்தான், 24 வருஷம் கழித்து, ஒரு டாக்டர் எழுந்து நின்று யாருக்கும் பிடிக்காத ஒரு வார்த்தையைச் சொன்னார்.

அந்த இடத்துக்குப் போவோம். மார்க்கெட்டை விட்டு வடகிழக்கே, மஸ்ஜித் பந்தர் பக்கம் நடங்க. பத்து, பதினைந்து நிமிஷம்தான். ஆனா கல் வளைவும் நீரூற்றும் சட்டென்று காணாமல் போய்விடும். கைவண்டி, சுமை தூக்குபவர்கள், மிளகாய் நெடி, முந்திரி, பேரீச்சை, மூட்டை மூட்டையாகத் தானியம். தும்மிக்கொண்டே நடந்தோம். இதுதான் மாண்ட்வி. துறைமுகத்தை ஒட்டிய வட்டாரம். கப்பலில் வந்த சரக்கு கீழே கிடங்கில், மேலே மாடி மாடியாக ஜனங்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். காற்று வர வழி கிடையாது.

கெட்ட காற்றுதான் நோய் என்று நம்பி, உயரக் கூரை போட்டு மார்க்கெட் கட்டிய அதே நகராட்சியின் எல்லைக்குள்தான் இதுவும். வெள்ளைக்காரர்களும் வசதியானவர்களும் காய்கறி வாங்கும் இடத்துக்குக் காற்று போனது. அந்தக் காய்கறியைச் சுமந்தவர்கள் தூங்கும் அறைக்குப் போகவில்லை. இதை நான் சும்மா கோபத்தில் சொல்லவில்லை. நடந்து பாருங்க, ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

1896. மாண்ட்வி கிடங்குகளில் எலிகள் செத்து விழுந்தன. செப்டம்பரில் மனிதர்களுக்குக் காய்ச்சல், தொடையிடுக்கில் வீக்கம், சில நாளில் மரணம். நம்ம ஊரில் "நெறி கட்டியிருக்கு" என்போமே, அதே நிணநீர்க் கட்டிதான், ஆனா எலுமிச்சை அளவுக்கு வீங்கி, தொட்டால் அலறும் அளவுக்கு வலிக்கும். பழைய தமிழ்ச் சொல் அரையாப்பு.

கோவாவில் பிறந்து கிராண்ட் மெடிக்கல் காலேஜில் படித்த டாக்டர் அகாசியோ வியெகாஸ், மாண்ட்வியில் நோயாளிகளைப் பார்த்தார். அவர் மாநகராட்சி உறுப்பினரும்கூட. இது பியூபானிக் பிளேக் என்று மன்றத்தில் சொன்னார். யோசித்துப் பாருங்க, துறைமுக ஊர். பிளேக் என்று ஒப்புக்கொண்டால் கப்பல் நிற்கும், ஏற்றுமதி நிற்கும், வியாபாரிகள் சும்மா விடமாட்டார்கள். அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள், மழுப்பினார்கள். வெளியிலிருந்து நிபுணர்கள் வந்து பரிசோதித்து அவர் சொன்னது சரி என்றார்கள்.

கிருமியை அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சின் கண்டுபிடித்திருந்தார். அதனால்தான் எர்சினியா பெஸ்டிஸ் என்று பெயர். ஆனா அது எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக மனிதனுக்கு வருகிறது என்பது 1896இல் யாருக்கும் தெரியாது. பால்-லூயி சிமோன் 1898இல் கராச்சியில் பரிசோதனை செய்து சொன்னபோதுகூட நம்ப ஆளில்லை. அடுத்த பத்து வருஷத்தில் பம்பாயில் நடந்த ஆய்வுகள்தான் அதை உறுதி செய்தன.

தெரியாதபோது அரசாங்கம் என்ன செய்தது? தெரிந்ததைச் செய்தது. சாக்கடைகளைக் கார்பாலிக் அமிலம் ஊற்றிக் கழுவியது. வீட்டுக்கு வெள்ளையடித்தது. வெயில் வரட்டும் என்று கூரை ஓட்டைப் பிரித்தது. சாமான்களை எரித்தது. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனது. மனிதர் வசிக்கத் தகாதது என்று தீர்ப்பான வீட்டுச் சுவரில் யு.ஹெச்.ஹெச். என்று மூன்று எழுத்து எழுதிவிட்டுப் போனது.

1896 அக்டோபர் கடைசியில் மில் தொழிலாளர்கள் திரண்டு போய் ஆர்தர் ரோடு தொற்றுநோய் மருத்துவமனையைத் தாக்கினார்கள். ஊரைவிட்டு ஓட்டம் தொடங்கியது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் இருந்த நகரத்தில், அடுத்த சில மாதங்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களோடு ரயிலில் நோயும் கிளம்பியது.

1897 பிப்ரவரி 4. தொற்றுநோய்கள் சட்டம் வந்தது. நாலே நாலு பிரிவு. வீட்டைச் சோதிக்கலாம், பயணியைச் சோதிக்கலாம், பிரித்து வைக்கலாம், மீறினால் தண்டனை, உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது. ரயில் நிலையங்களில் ஆண் பெண் எல்லாரையும் நிறுத்தி அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கா என்று பார்த்தார்கள். எல்லாரும் பார்க்க, நடைமேடையில். புனேயில் இன்னும் மோசம், பட்டாளத்தையே வீடுகளுக்குள் அனுப்பினார்கள். அங்கே பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூனில் சுடப்பட்டார். 1898 மார்ச்சில் பம்பாயில் கலவரம்.

இந்தச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் கோவிட் விதிமுறைகள் போட்டது இதன் கீழ்தான். மாண்ட்வி எலிகளுக்காகப் பிறந்த சட்டத்தில்தான் நானும் டூட்டி பார்த்தேன்.

அதைப் பற்றி ஒன்று சொல்லணும். இதுவரை எழுதினதில்லை.

2020இல் எனக்கு ஃபீவர் கேம்ப் டூட்டி. ஒரு தெருவில் மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒரு ஆச்சிக்குப் பாசிட்டிவ். ஆம்புலன்ஸைத் தெரு முனையிலேயே நிறுத்தி, நாங்க நாலு பேர் பி.பி.இ. போட்டுக்கிட்டு, சைரன் சத்தத்தோட, தெருவே வாசலில் நின்று பார்க்க, ஆச்சியைக் கூட்டிப்போனோம். "நான் நடந்து வாரேன் ராசா, கையப் பிடிக்காத"ன்னாங்க. பிடித்தேன். அவசரம், இன்னும் ஆறு வீடு பாக்கி. வீட்டு வாசலில் தகரம் அடித்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆச்சி பிழைத்து வந்துட்டாங்க. மருத்துவக் கணக்குப்படி நல்ல முடிவு. ஆனா அதற்கப்புறம் அந்தத் தெருவிலிருந்து ஒருத்தர்கூடக் கேம்புக்கு வரவில்லை. காய்ச்சலை மறைத்தார்கள். மூச்சுத் திணறல் வந்த பிறகே வந்தார்கள், இரண்டு பேர் ரொம்பத் தாமதமாக. ஆச்சியிடம் பால் வாங்குவதையும் தெரு நிறுத்திவிட்டது. மாட்டை விற்றுட்டாங்க என்று பின்னால் தெரியவந்தது.

மாண்ட்வி சந்தில் நின்று, சுவரில் எழுதிய அந்த மூன்று எழுத்தைத் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த ஸ்டிக்கர்தான் ஞாபகம் வந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் மறைக்கக்கூடாது. அதே 2020 ஏப்ரலில், கோவிட்டில் இறந்த ஒரு டாக்டரின் உடலைச் சென்னையில் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. மருத்துவப் பணியாளர்களை அடித்தால் ஏழு வருஷம் வரை சிறை என்று இந்தச் சட்டம் அந்த மாதமே திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் எங்களுக்குத் தேவைப்பட்டது. இப்போதும் தேவை. ஆனா எங்களைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஏன் பயம் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

சரி, நடை. மாண்ட்வியிலிருந்து முகமது அலி ரோடு வழியா வடக்கே போனால் ஜே.ஜே. மருத்துவமனை, கிராண்ட் மெடிக்கல் காலேஜ். ஆஸ்பத்திரி வளாகம், கூட்டமா இருக்கும், வேடிக்கை பார்க்கப் போய் யாருக்கும் இடைஞ்சல் செய்யாதீங்க. வாசலில் நின்று பார்த்தால் போதும்.

1896 அக்டோபரில் வால்டெமர் ஹாஃப்கின் இங்கே வந்து சேர்ந்தார். ஒடெசாவில் பிறந்த யூதர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தவர். காலரா தடுப்பூசியைக் கண்டுபிடித்து முதலில் தனக்கே போட்டுக்கொண்ட ஆள். இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு சின்ன அறை, ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். கிருமியை இறைச்சிச் சாற்றில் வளர்த்தார். மேலே நெய்த்துளிகளை மிதக்கவிட்டார். அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு கிருமிக் கூட்டம் விழுதுபோல் கீழே தொங்கி வளர்ந்தது. குலுக்கினால் விழும், மறுபடி வளரும். போதிய அளவு சேர்ந்ததும் சூடேற்றிக் கொன்று தடுப்பூசி. வேலை தொடங்கி மூன்று மாதத்தில், 1897 ஜனவரி 10ஆம் தேதி, பத்து மில்லி ஊசியைத் தனக்குப் போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலி வந்தது, தாங்கிக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில், முன்வந்த கைதிகளுக்கு. (இன்றைய நெறிமுறையில் கைதிகளிடம் அப்படிச் செய்ய முடியாது. நல்லவேளை.)

இங்கே ஒன்றைக் கவனிங்க. அரசாங்கம் வீட்டுக்கதவை உடைத்தபோது ஓடின அதே ஊரில், தானாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள். கோஜா முஸ்லிம்களின் தலைவர் மூன்றாம் ஆகா கான், அப்போது இருபது வயதையொட்டிய பையன். தன் சமூகத்தார் கண்முன்னால் தானே ஊசி போட்டுக்கொண்டார், தன் பெரிய வீடு ஒன்றையும் ஹாஃப்கினின் வேலைக்குக் கொடுத்தார். அவர் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சட்டத்தின் எந்தப் பிரிவும் இல்லாமல்.

ஹாஃப்கினுக்கு என்ன ஆனது? 1902 அக்டோபர் 30, பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். பழி ஆய்வகத்தின் மேல் விழுந்தது. ஹாஃப்கின் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார். உண்மையில், ஊசி போட்ட இடத்தில் உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அந்த இடுக்கியாலேயே அந்த பாட்டிலின் கார்க்கைத் திறந்திருக்கிறார்கள். மலேரியா புகழ் ரொனால்டு ராஸ் உட்படப் பலர் அவருக்காக வாதாடி, 1907இல்தான் குற்றமற்றவர் என்றானது. ஐந்து வருஷம்! திரும்பி இந்தியா வந்தார், கல்கத்தாவில் வேலை செய்தார், பழைய இடம் திரும்பக் கிடைக்கவில்லை. அவர் தொடங்கிய பரேல் ஆய்வகத்துக்கு 1925இல் அவர் பெயரை வைத்தார்கள்.

இந்தியாவில் பிளேக் சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. இன்று ஜென்டாமைசினும் டாக்சிசைக்ளினும் இருக்கு, சீக்கிரம் வந்தால் காப்பாற்றிடலாம். சீக்கிரம் வந்தால்.

பிளேக்குக்குப் பிறகு பம்பாய் தன்னைத் திரும்ப வரைந்துகொண்டது. 1898இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்று போட்டு, நெரிசலை இடித்து அகலத் தெருக்கள் போட்டார்கள். வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் புதுக் குடியிருப்புகள் திட்டமிட்டார்கள். மாட்டுங்காவில் போய் நாம் ரசித்துக் குடிக்கிற ஃபில்டர் காபி, கோயில், பூக்கடை எல்லாம் இருக்கிற அந்த நேர்த்தியான தெருக்கள் இப்படி வந்தவை. இடிபட்ட சந்துகளில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அங்கே வீடு கிடைக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லணும். என் சித்தி இருக்கிற தாராவி, மாட்டுங்காவிலிருந்து தண்டவாளத்தைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே தோல் பதனிட வந்த நம்ம திருநெல்வேலிக்காரர்களுக்கு எந்த டிரஸ்டும் தெரு வரைந்து கொடுக்கவில்லை.

நேரம் இருந்தால் மார்க்கெட்டிலிருந்து மேற்கே லோகமான்ய திலக் மார்க்கில் பத்து நிமிஷம் நடந்து மெட்ரோ சினிமா பக்கம் போங்க. டாக்டர் வியெகாஸின் சிலை இருக்கு. அவசரத்தில் போகிறவர்கள் யாரும் நிற்பதில்லை. நாங்க நின்றோம். அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் காமா மருத்துவமனை. 1886இல் பெண்களுக்காக, பெண் மருத்துவர்களே நடத்த, ஒரு பார்சி வணிகர் பணத்தில் திறந்தது. 2008 நவம்பர் 26 இரவு துப்பாக்கியோடு ஆட்கள் உள்ளே வந்தபோது, ஒரு செவிலியர் கர்ப்பிணிகளை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய் விளக்கை அணைத்துக் காப்பாற்றிய இடமும் இதுதான்.

சுற்றி முடித்து மார்க்கெட் எதிரே பாத்ஷாவில் ஃபலூடா வாங்கினோம். 1905இலிருந்து இருக்கும் கடை. தம்பி இரண்டு சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே மார்க்கெட் பலகையைப் படித்தான். "கிராஃபோர்டுன்னு எங்கண்ணே போட்டிருக்கு? வேற பேரால்ல இருக்கு."

ஆமாம். சுதந்திரத்துக்குப் பின் பெயரை மாற்றிட்டாங்க, எல்லாரும் பழைய பெயரையே சொல்வதால் பலருக்குத் தெரியாது. மகாத்மா ஜோதிபா புலே மண்டை. புனேயில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்கும் பள்ளி நடத்திய அதே புலே.

அவர் 1890இலேயே இறந்துவிட்டார். மனைவி சாவித்திரிபாய் இருந்தார். மாண்ட்வியில் தொடங்கிய பிளேக் புனேக்குப் போனபோது அவருக்கு 66 வயது. தத்துப்பிள்ளை யஷ்வந்த் டாக்டர். ஊருக்கு வெளியே மகனைக் கொண்டு ஒரு பிளேக் கிளினிக் போட்டார். பட்டாளம் வீடு வீடாகப் புகுந்து நோயாளிகளை இழுத்த அதே ஊரில், இந்த அம்மா தானே போய் நோயாளிகளைக் கூட்டி வந்தார்.

முந்த்வா பக்கம் ஒரு சிறுவனுக்கு நெறி கட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. போனார். பையனை முதுகில் போட்டுக்கொண்டு கிளினிக் வரை சுமந்து வந்தார். அதில் அவருக்கும் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்தார்.

அந்தப் பையன் பிழைத்துக்கொண்டான்.